கோடையில் பெய்ஜிங்: சீன மொழி வகுப்புக்குப் புறப்படும் முன் ஒரு நாட்குறிப்பு

ஜூலை, ஆகஸ்டில் பெய்ஜிங்கின் ஹைதியன் வட்டாரத்துப் பல்கலைக்கழகங்களில் நான்கு வாரக் கோடை வகுப்புக்குப் போகிறவர்களுக்காக இந்தத் தொடர். தேதிக்குப் பதிலாக, புறப்பட இன்னும் எத்தனை நாள் என்று தலைப்பு இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலை இங்கேயே முடிய வேண்டியதா, அங்கே போய்த்தான் முடியுமா? இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு முதல் வாரம் வகுப்பறையில் கழியாது, அலுவலக வரிசையில் கழியும்.

100 நாள்: எந்த வகுப்பு

சீனப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான பருவம் ஜூலைத் தொடக்கத்தில் முடிகிறது. விடுதி அறைகள் காலியானதும் கோடை வகுப்புகள் தொடங்கும். வுதாவ்கௌ பகுதியில் இருக்கும் பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டவருக்குச் சீனம் கற்பிப்பதுதான் அதன் தலையாய வேலை. பீக்கிங் பல்கலைக்கழகமும் சிங்ஹுவாவும் பக்கத்திலேயே இருக்கின்றன. மொழி மட்டும் நோக்கமென்றால் பெரிய பெயருக்காக அலைய வேண்டியதில்லை. தொடக்க நிலையிலேயே இரண்டு மூன்று பிரிவு வைத்திருக்கும் இடமாகப் பாருங்கள். ஒரே பிரிவு உள்ள இடத்தில் ஓராண்டு படித்தவரும் நேற்று ஆரம்பித்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார நேரும்.

தைவானையும் யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தைப்பேயில் மரபு எழுத்து, பெய்ஜிங்கில் எளிதாக்கிய எழுத்து. எச்.எஸ்.கே. என்னும் சீன மொழித் திறன் தேர்வுக்குப் படித்துவருபவர் நான்கு வாரத்துக்காக எழுத்து முறையை மாற்றினால் மிஞ்சுவது குழப்பம்தான். வெயில் ஆகாதவர்கள் ஹார்பின் பக்கம் பார்க்கலாம். வடகிழக்கில் இருப்பதால் கோடை மென்மையாக இருக்கும், அந்த ஊர்க்காரர்களின் உச்சரிப்பும் வகுப்பில் கற்பிக்கும் பொதுச்சீனத்துக்கு (மாண்டரின்) நெருக்கமானது என்று பெயர் பெற்றது.

விண்ணப்பத்துக்குக் கடவுச்சீட்டின் முதல் பக்கப் பிரதி, வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், விண்ணப்பக் கட்டணம் ஆகியவை வேண்டும். கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. விடுதி அறை தனி விண்ணப்பமா, சேர்க்கையோடு சேர்ந்ததா என்பதை இன்றே கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள். சேர்க்கை கிடைத்தாலே அறையும் உண்டு என்று நினைத்துக்கொண்டு போய், வளாகத்துக்கு வெளியே ஹோட்டல் தேடுவது அடிக்கடி நடக்கிறது.

85 நாள்: பெயர்

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. தமிழர் கடவுச்சீட்டுகள் பலவற்றில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். இன்ஷியல் ஒரு சான்றிதழில் முன்னால், இன்னொன்றில் பின்னால். சீனத்துக் கணினிப் படிவங்களோ குடும்பப்பெயர், இயற்பெயர் இரண்டையும் கேட்கும். ஒன்றைக் காலியாக விட்டால் படிவம் நகராது.

வழி எளிது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளில் முதல் வரியைப் பாருங்கள். எல்லைச் சாவடிக் கணினி படிக்கப்போவது அந்த வரிசையைத்தான். சேர்க்கைக் கடிதம், விசா, விமானச் சீட்டு, விடுதிப் பதிவு, பணச் செயலி எல்லாவற்றிலும் பெயர் அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில் வர வேண்டும். குடும்பப்பெயரே இல்லாதவர்கள் எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டு நிரப்புங்கள். சேர்க்கைக் கடிதம் அச்சாகி வந்த பிறகு திருத்துவதென்றால் புதுக் கடிதத்துக்காக மறுபடி காத்திருக்க வேண்டும், அந்த நாட்கள் விசாக் கணக்கில் கழியும். கடிதம் கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் மூன்றையும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எண்ணில் பூஜ்யத்துக்கும் ஆங்கில ‘ஓ’வுக்கும் இடையில் தவறு விழுவது சகஜம்.

60 நாள்: விசா

180 நாளுக்கு உட்பட்ட படிப்புக்கு எக்ஸ்2, அதற்கு மேல் போனால் எக்ஸ்1. கோடை வகுப்புக்கு எக்ஸ்2 போதும். எக்ஸ்1 வாங்கியவர் நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எக்ஸ்2க்கு அந்த வேலை இல்லை. சேர்க்கைக் கடிதத்தின் மூலமும் நகலும், நிரப்பிய படிவம், புகைப்படம், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியும் காலிப் பக்கங்களும் உள்ள கடவுச்சீட்டு இவைதான் அடிப்படை. சீன விசாப் புகைப்படம் 33 மி.மீ. அகலம், 48 மி.மீ. உயரம். நம் ஊர் ஸ்டுடியோவில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று கேட்டால் வேறு அளவில் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அளவை எழுதிக் கொடுத்து எடுங்கள். காதும் புருவமும் தெரிய வேண்டும்.

ரொம்ப முன்கூட்டி விண்ணப்பிப்பதும் ஆபத்துதான். விசாவில் ‘இந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும்’ என்று ஒரு நாள் இருக்கும், பெரும்பாலும் வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம். எத்தனை நாள் தங்கலாம் என்பது தனி வரியில் இருக்கும், அது நுழைந்த நாளிலிருந்து எண்ணப்படும். வகுப்பு முடிந்து சியான், ஷாங்காய் சுற்ற நினைப்பவர்கள் அந்த நாட்களையும் படிவத்தில் காட்டித்தான் கேட்க வேண்டும். இன்னொரு கண்ணி: எக்ஸ்2 பெரும்பாலும் ஒருமுறை நுழைவு விசா. வார இறுதியில் ஹாங்காங்கோ மக்காவோ போனால் சீனப் பெருநிலத்தைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. விசா அங்கேயே தீர்ந்துபோகும், மீதி வகுப்பும் அதோடு போகும்.

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு 30 நாள் விசா இல்லா நுழைவு இருக்கிறது. அது சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது, வணிகம் போன்றவற்றுக்கானது. வகுப்பில் சேர அது செல்லுமா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

50 நாள்: காதும் நாக்கும்

நான்கு வாரம் என்பது குறைவான காலம். அதில் முதல் வாரத்தைப் பின்யின், அதாவது சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை, படிப்பதற்குச் செலவழித்தால் நஷ்டம். ஒலிகளை இங்கேயே முடித்துவிட்டுப் போகலாம், தமிழ்க் காதுக்கு அது நினைப்பதைவிட எளிது.

பின்யினில் பார்க்கும் ஆங்கில எழுத்தை ஆங்கிலமாகப் படிப்பதுதான் பெரிய தவறு. பெய்ஜிங் என்று எழுதும்போது முதலில் வருவது ஆங்கிலத்தில் ‘பஸ்’ஸின் முதலெழுத்து. ஆனால் ஒலி ‘பெயர்’ என்ற சொல்லின் முதல் ஒலி. குரல் அதிராது, மூச்சும் வெடிக்காது. அதற்கு எதிர் ஒலி, ஆங்கிலத்தில் ‘பேப்பர்’ என்பதன் முதலெழுத்தால் எழுதப்படுவது, மூச்சை வெளியே தள்ளிச் சொல்லப்படும் ப்ஹ. உள்ளங்கையை வாயருகே வைத்தால் முதலாவதில் காற்று படக்கூடாது, இரண்டாவதில் பட வேண்டும். த, க வரிசைகளிலும் இதே ஜோடிதான். ஆங்கில வழியில் கற்பவர் முதல் ஒலிக்குக் குரலை அதிரவிட்டுப் பிறகு அதை மறக்கப் பாடுபடுவார். நமக்கு அந்த ஒலி பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிறது. பழகவேண்டியது மூச்சொலி மட்டும். அதைத் தமிழ் எழுத்து காட்டாது என்பதால், பாடக் குறிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பவர்கள் மூச்சொலிக்கு ஒரு குறியை முதல் நாளிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பெய்ஜிங்கின் நடு ஒலி ‘பச்சை’யில் இரட்டித்து வரும் சகரம். அதற்கு ஜகரம் போட்டால் வெளியூர்க்காரர் பேச்சாகக் கேட்கும். நாக்கை மடக்கும் ஒலிகள் தனிக் கூட்டம். ஷகரத்துக்கு நாக்கு போகும் இடத்தில் மூன்று ஒலிகள் பிறக்கின்றன, நான்காவது நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு. மனிதனைக் குறிக்கும் சொல்லை ‘ரென்’ என்று ரகரம் உருட்டிச் சொல்வதைவிட ‘ழென்’ என்று ஆரம்பித்தால் ஆசிரியர் திருத்தும் வேலை பாதி குறையும். இந்த மடக்கொலிகளுக்கு எதிராக இன்னொரு மூன்று ஒலிகள் உண்டு. அவற்றில் நாக்கு நுனி கீழ்ப்பற்களுக்குப் பின்னால் படுத்திருக்கும், நடுநாக்கு மேலண்ணத்தை நோக்கி எழும். ஷகரத்தையும் சகரத்தையும் மாற்றி மாற்றிப் பேசும் பழக்கமுள்ளவர்கள் இந்த இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாக உட்கார வைக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

தமிழில் சுத்தமாக இல்லாத உயிர் ஒன்று உண்டு. வாய்க்குள் ‘ஈ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் அது வரும். உதடு குவியும்போது நாக்கும் பின்னால் போய்விடுவதுதான் தவறு நேரும் இடம். கண்ணாடி முன் உதட்டை விரித்துக் குவித்துப் பழகுங்கள், நாக்கு அசையக் கூடாது. கணினியில் இந்த உயிரைத் தட்டச்ச ஆங்கில ‘வி’ விசை. இது தெரியாமல் பச்சை நிறத்தையும் கழுதையையும் தட்டச்சப் போராடுவார்கள்.

சொல்லிறுதி ங் இன்னொரு பொறி. தமிழில் ங் வந்தால் பின்னால் ககரம் ஒட்டிக்கொண்டு ‘ங்கு’ ஆகிவிடும். சீனத்தில் மூக்கொலியோடு வாய் நின்றுவிட வேண்டும். ன், ங் இரண்டும் சொல்லைப் பிரிக்கும் ஒலிகள் என்பதால் இதில் தாராளம் காட்ட இடமில்லை.

இனி சுரம், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம். நான்கு சுரம், கூடவே சுரமில்லாத மெல்லசை ஒன்று. சுரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் பொதுச்சீனத்தில் ஏறக்குறைய 400 அசைகள்தான். அத்தனை சொல்லையும் அவற்றில் பொருத்த வேண்டும் என்பதால் சுரம் நகாசு வேலை அல்ல, எலும்பு. முதலாவது உயரத்தில் தட்டையாக நிற்கும், இரண்டாவது ஏறும், நான்காவது மேலிருந்து வெட்டி இறங்கும். மூன்றாவதைப் பள்ளத்தில் இறங்கி ஏறுவதாகப் படம் போட்டுக் காட்டுவார்கள். பேச்சோட்டத்தில் அது ஏறுவதே அபூர்வம், தாழ்ந்து கிடக்கும், அவ்வளவுதான். எல்லா மூன்றாம் சுரத்தையும் இழுத்து ஏற்றுபவர்களின் பேச்சு இரண்டாம் சுரமாகக் கேட்கும். இரண்டு மூன்றாம் சுரம் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் சுரமாகும். வணக்கம் சொல்லும் ‘நீ ஹாவ்’ முதல் உதாரணம்.

தனி அசையாகச் சுரம் பழகுவதில் பெரிய பயன் இல்லை. ஜோடியாகப் பழகுங்கள். முதல் அசைக்கு நான்கு, இரண்டாம் அசைக்கு மெல்லசையோடு ஐந்து, மொத்தம் 20 ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஈரசைச் சொல்லைத் தேர்ந்து பட்டியல் போடுங்கள். காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் போனில் பதிந்து, தாய்மொழிக்காரரின் பதிவோடு ஒட்டிக் கேளுங்கள். முதலில் உடைவது நான்காவதை அடுத்து இரண்டாவது வரும் ஜோடியும், முதலாவதை அடுத்து நான்காவது வரும் ஜோடியும். கேள்வி கேட்கும்போது கடைசி அசையைத் தூக்கும் நம் பழக்கத்தையும் கவனியுங்கள். வாக்கிய முடிவில் இருக்கும் சொல்லின் சுரத்தை அது விழுங்கிவிடும்.

38 நாள்: எழுத்து

தட்டச்சு போதுமே என்று நினைக்க வேண்டாம். வகுப்பில் சொல்வதெழுதுதல் கையால்தான் நடக்கும். மொத்தமாக மனப்பாடம் செய்வதற்கு முன் சீன எழுத்துகளுக்குள் அடிக்கடி வரும் உறுப்புகளில் ஐம்பதைப் பழகுங்கள். மரபு அகராதி வரிசையில் 214 உண்டு, அத்தனையும் இப்போது தேவையில்லை. நீர், கை, பேச்சு, உணவு, மனிதர், பெண், மரம், வாய் ஆகியவற்றில் தொடங்கலாம். கோட்டு வரிசை விதிகளை ஒரு மாலையில் படித்துவிடலாம்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கட்டத்துக்குள் நிரப்பிவிட்டுக் கடைசியில் மூடுவது. வரிசை தப்பினால் போன் திரையில் விரலால் எழுதித் தேடும்போது அகராதி சில சமயம் எழுத்தைப் பிடிக்காது.

நாளுக்கு ஐந்து எழுத்து என்று வைத்தாலே புறப்படும்போது நூற்றைம்பதுக்கு மேல் கையில் இருக்கும். பழைய ஆறு நிலை எச்.எஸ்.கே.யில் முதல் நிலை 150 சொல், இரண்டாம் நிலை 300, மூன்றாவது 600. 2021இல் வந்த ஒன்பது நிலைத் தரத்தில் கணக்கு வேறு. வாங்கும் பாடநூல் எந்த முறைக்கானது என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

30 நாள்: பணம்

பெய்ஜிங்கில் காய்கறிக் கடைவரை கியூ.ஆர். குறியீடுதான். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது விதி, ஆனால் சில்லறை இருக்காது. அலிபே, வீசாட் என்ற சீனச் செயலிகள் இரண்டிலும் வெளிநாட்டு வங்கியின் விசா, மாஸ்டர் அட்டையை இணைக்கலாம். அலிபேயில் ஒரு பரிமாற்றம் 200 யுவானுக்குள் இருந்தால் கூடுதல் கட்டணம் இல்லை, தாண்டினால் 3 சதவீதம். விடுதி முன்பணம் மாதிரி பெரிய தொகையை அட்டை இயந்திரத்தில் அல்லது ரொக்கமாகக் கட்டுவது லாபம்.

இங்கே முடிக்க வேண்டியவை இவை. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைந்தே இருக்கும், ரிசர்வ் வங்கியின் 2020 விதி அது. வங்கிச் செயலியில் மூன்று பொத்தான்களையும் பாருங்கள்: வெளிநாட்டு இயந்திரம், வெளிநாட்டு இணையம், ஏ.டி.எம். ஒன்றை மட்டும் திறந்துவிட்டுப் போனால் ஏ.டி.எம். பணம் தரும், செயலி அட்டையை ஏற்காது. வேறுவேறு நிறுவனத்தின் இரண்டு அட்டைகள் எடுத்து, இரண்டையும் தனித்தனிப் பையில் வையுங்கள். பேங்க் ஆஃப் சைனா ஏ.டி.எம்.களில் வெளிநாட்டு அட்டை செல்லும். திரையில் ‘ரூபாயில் கழிக்கவா, யுவானிலா’ என்று கேட்டால் யுவான் என்றே சொல்லுங்கள். ரூபாய்க்கு மாற்றும் விலையை அந்த இயந்திரக்காரர் வைப்பார், அதில் நமக்கு நன்மை இல்லை.

ரொக்கமாக 2,000 யுவான் கையிருப்பு நிம்மதி தரும். 100, 50 நோட்டுகளோடு பத்தும் இருபதும் கேட்டு வாங்குங்கள்.

20 நாள்: போன்

இந்தப் பதிவைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும். சீனத்துக்குள் அங்குள்ள இணைப்பில் கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் எதுவும் திறக்காது. பிளே ஸ்டோரும் திறக்காது. ஆண்ட்ராய்டு போன்காரர்கள் அங்கே இறங்கி ஓர் அகராதியைக்கூடச் சுலபமாக நிறுவ முடியாது.

ஆகவே இங்கேயே நிறுவ வேண்டியவை: பிளெகோ அகராதியும் அதன் இணையம் இல்லாமல் இயங்கும் தரவும், பின்யின் விசைப்பலகை, இணையம் இல்லாமல் இயங்கும் மொழிபெயர்ப்புக் கோப்பு, விமானச் செயலி, வங்கிச் செயலி. பல்கலைக்கழகத்துடன் ஜிமெயிலில் கடிதப் போக்குவரத்து செய்திருந்தால் முக்கியக் கடிதங்களை எல்லாம் கோப்பாகப் போனில் இறக்கிவையுங்கள். அங்கே திறக்கும் இன்னொரு மின்னஞ்சல் முகவரியையும் அலுவலகத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

அங்கே போய்த்தான் முடியும் வேலையும் இதில் உண்டு. இந்தியா 2020 ஜூன் 29 அன்று தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. ஆனால் பெய்ஜிங்கில் வகுப்புக் குழு, வீட்டுப்பாடம், விடுதி அறிவிப்பு எல்லாம் வீசாட்டில்தான் ஓடும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பெய்ஜிங்கில் சிம் வாங்கிய பிறகு, வீசாட்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, சீன எண்ணில் பதிவு செய்வதே நேர்வழி. புதுக் கணக்கு திறக்க, ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவர் தன் போனில் உங்கள் குறியீட்டை வருடிச் சான்று தர வேண்டியிருக்கும். புத்தம்புதுக் கணக்கு வைத்திருப்பவர் தரும் சான்று செல்லாது. பதிவு மேசையில் நிற்கும் மாணவத் தொண்டரிடம் கேட்டால் செய்துகொடுப்பார். புதிதாக வந்த வகுப்புத் தோழர்கள் ஒருவருக்கொருவர் சான்று தர முயன்றுதான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கையில் இருப்பவர்கள் ஊரிலேயே பதிவை முடித்துவிடலாம்.

அலிபே உங்கள் நாட்டுச் செயலிக் கடையில் கிடைத்தால் இன்றே நிறுவி, கடவுச்சீட்டைக் காட்டிப் பெயரைச் சரிபார்த்து, அட்டையை இணையுங்கள். 85ஆம் நாள் சொன்ன பெயர் வரிசை இங்கே மறுபடி வேலை செய்யும்.

ஊர் சிம்மைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். குறுஞ்செய்தி மட்டும் பெறும் அளவுக்காவது ரோமிங் வாங்கிக்கொண்டு, இரண்டு சிம் போடும் போனை எடுத்துப் போங்கள். ரோமிங் தரவு சொந்த நாட்டு வலைவழியே சுற்றி வருவதால் அதில் வாட்ஸ்அப் திறக்கும். முதல் இரண்டு நாளுக்குச் சிறிய ரோமிங் திட்டம் போதும், வீட்டுக்குத் தகவல் சொல்ல அது உதவும். இணையத் தடையைச் சுற்றிப் போகும் வி.பி.என். அங்கே சட்டச் சிக்கல் உள்ள பொருள், திடீர் திடீரென்று நின்றும் போகும். அதை நம்பி எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

12 நாள்: மருந்து, சாப்பாடு

மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். பெரிய மருத்துவமனைகளில் முதலில் பணம், பிறகு பரிசோதனை. காப்பீடு இருந்தாலும் கட்டிவிட்டு ரசீதோடு திரும்பக் கேட்பதுதான் வழக்கம் என்பதால் அட்டையில் இடம் வைத்திருங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. ஒவ்வொரு மாடியிலும் வெந்நீர் கிடைக்கும், எனவே சூடு தாங்கும் எவர்சில்வர் குடுவை ஒன்று கட்டாயம். உணவகம் பகல் பதினொன்றுக்கே களைகட்டும், ஒன்றரைக்குப் போனால் தட்டுகள் கழுவிக்கொண்டிருப்பார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் போதாது. கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும், சிப்பிச் சாறு விடுவதும், கோழித்தூள் தூவுவதும் சமையல்காரர் கணக்கில் இறைச்சி ஆகாது. இந்த மூன்றையும் பெயர் சொல்லி விலக்கும் சீன வாக்கியத்தை எழுதிவாங்கிப் போனில் படமாக வைத்துக் காட்டுங்கள்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போகலாம். பழம், காய், பச்சைக் கறிவேப்பிலை, விதை, பால் பொருள், இறைச்சி எதுவும் சுங்கத்தில் நுழையாது. ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் பறிபோகும். அறையில் மின்னடுப்புக்கும் வெந்நீர்க் கம்பிக்கும் தடை, கண்டால் எடுத்துவிடுவார்கள்.

4 நாள்: பெட்டி

அங்கே 220 வோல்ட், ஏறக்குறைய நம் ஊர் அளவுதான், செருகிகள்தான் வேறு. நம் மெல்லிய இரட்டைக்கால் செருகி பல சுவர்த் துளைகளில் நுழையும். உருண்டையான மூன்று கால் நுழையாது. ஆஸ்திரேலிய வகைச் சாய்ந்த கால் மாற்றி ஒன்று வாங்கி, கூடவே நம் ஊர் நீட்டிப்புப் பலகையையும் எடுத்துக்கொண்டால் எல்லாம் அதில் அடங்கும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருப்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி, அது சரி. ஆனால் 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் ‘3சி’ என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குக்கு இடமில்லை. குவாங்ஜோவில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் பெய்ஜிங் போகிறவர்களிடம் நம் ஊர்ப் பொருளைப் பிடுங்கிவிடுவார்கள். அதை வீட்டில் வைத்துவிட்டு அங்கே ஒன்று வாங்குவது நல்லது.

பெய்ஜிங்கின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டில்தான் கொட்டும். 2023 ஜூலை இறுதியில் மெந்தோகோவ், ஃபாங்ஷான் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியது. குடையோடு, நனைந்தால் சீக்கிரம் காயும் செருப்பும் வேண்டும். வகுப்பறைக் குளிர்சாதனத்துக்கு மெல்லிய மேற்சட்டை ஒன்று. பொதுக் கழிப்பறைகளில் காகிதம் இருக்காது, பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.

முந்தின நாள்: தாள்கள்

சேர்க்கைக் கடிதம், விடுதி உறுதிக் கடிதம், கடவுச்சீட்டு நகல் மூன்று, விசாப் பக்க நகல், அதே அளவுப் புகைப்படம் ஆறு. பல்கலைக்கழக முகவரியையும் விடுதிக் கட்டட எண்ணையும் சீன எழுத்தில் பெரிதாக அச்சிட்டுக் கையில் வையுங்கள். ஆங்கில முகவரியைக் காட்டினால் டாக்சிக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வருகை அட்டையை இணையத்திலேயே முன்கூட்டி நிரப்பலாம், அதிலும் தங்குமிட முகவரி கேட்பார்கள்.

இறங்கும் நாள்

பெய்ஜிங் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள், வடகிழக்கில் தலைநகர் விமான நிலையம், தெற்கே 2019இல் திறந்த தாஷிங். தலைநகர் விமான நிலையத்திலிருந்து 25 யுவான் விரைவு ரயிலில் சான்யுவான்ச்சியாவ், அங்கே 10ஆம் தடத்துக்கு மாறி ஜிச்சுன்லூ, அங்கே 13ஆம் தடம், அடுத்த நிறுத்தம் வுதாவ்கௌ. தாஷிங்கிலிருந்து 35 யுவான் விரைவு ரயில் சாவ்ச்சியாவ் வரை, அதன் பிறகு இதே 10ஆம் தடம். இரவு பதினொன்றுக்கு மேல் சுரங்க ரயிலை நம்ப முடியாது. டாக்சி முதல் மூன்று கி.மீ.க்கு 13 யுவான், மீட்டர் போடும் வரிசையில் மட்டும் ஏறுங்கள். உள்ளே வந்து ‘டாக்சி, டாக்சி’ என்று அழைப்பவரோடு போக வேண்டாம்.

வெளிநாட்டவர் தங்குமிடத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டும். விடுதியும் ஹோட்டலும் தாங்களே பதிந்துவிடும். நண்பர் வீட்டில் ஓர் இரவு தங்கினாலும் நீங்களே நிலையத்துக்குப் போக வேண்டும், தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வார இறுதியில் வேறு ஊரில் ஹோட்டலில் தங்கித் திரும்பினால், மறுபடி பதிய வேண்டுமா என்று விடுதி மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மறுநாள்: நிலைத் தேர்வு

காலையில் சிம். மூலக் கடவுச்சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், நகல் செல்லாது. அதன் பிறகு வீசாட், பிறகு வளாக அட்டை, இந்த வரிசையில் போனால் ஒன்றுக்கொன்று உதவும்.

நிலைத் தேர்வு எழுத்தும் வாய்மொழியும் கலந்தது. செயலிகளில் சொல் மட்டும் சேர்த்தவர்கள் எழுத்துத் தேர்வில் உயர்ந்து, வாய் திறந்ததும் விழுவார்கள். அப்படிப்பட்டவர் மேல் பிரிவுக்குப் போனால் நான்கு வாரமும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க நேரும். தெரியாததை ஊகித்து நிரப்பாமல் காலியாக விடுவதே உங்களுக்கு நல்லது. பிரிவு பொருந்தவில்லை என்றால் முதல் சில நாட்களில் மாற்றிக்கொள்ளலாம், கடைசி நாள் எது என்பதைத் தேர்வறையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரிவிலும் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆசிரியர் பேசுவதில் முக்கால்வாசி புரியும் பிரிவில் இருங்கள். எல்லாமே புரிந்தால் ஒரு படி மேலே கேட்கலாம். அதுவரை பாடப்புத்தகத்தில் பெயர் எழுத வேண்டாம். எழுதிய புத்தகத்தைக் கடையில் மாற்றித்தர மாட்டார்கள்.